கான்ஃபரன்ஸ்னா என்ன? மிச்சிகன்ல ஏழு சின்ன காலேஜ் ஆடின 1955 சீசன வெச்சு ஒரு எளிய விளக்கம்

அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் பக்கம் புதுசா எட்டிப் பாக்குறவங்க முதல்ல முட்டிக்கிற இடம் இந்த கான்ஃபரன்ஸ்ங்கிற வார்த்தைதான். எந்த காலேஜ் எந்த கான்ஃபரன்ஸ்ல இருக்கு, ஏன் இருக்கு, ஜெயிச்சா என்ன கிடைக்கும், ஒண்ணுமே பிடிபடாது. பெரிய டீம்கள வெச்சு இத புரிஞ்சுக்கப் பாத்தா இன்னும் குழம்பும், ஏன்னா அங்க டிவி பணம் எல்லாத்தையும் புரட்டிப் போட்டுடுச்சு, பசிபிக் கடலோரத்துல இருக்கற காலேஜும் அட்லாண்டிக் பக்கம் இருக்கறதும் இன்னைக்கு ஒரே கான்ஃபரன்ஸ்ல ஆடுது. கான்ஃபரன்ஸ்னா அடிப்படையில என்னன்னு தெளிவா தெரியணும்னா இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச அந்த பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குப் போகணும், அதுலயும் பெரிய யுனிவர்சிட்டிகள விட்டுட்டு சின்ன காலேஜ்கள் பக்கம் போகணும்னு நான் நினைக்கறேன். அங்க எல்லாமே கைக்கு அடக்கமா இருக்கும், ஒவ்வொரு திருகாணியும் கண்ணுக்குத் தெரியும்.

அதுக்கு நான் எடுத்துக்கிட்டது மிச்சிகன் மாநிலத்துல இருக்கற எம்ஐஏஏ, அதாவது மிச்சிகன் இன்டர்காலேஜியேட் அத்லெடிக் அசோசியேஷன். 1888-ல ஆரம்பிச்சது, அமெரிக்காவுலயே ரொம்பப் பழைய கான்ஃபரன்ஸ் இதுதான், இன்னைக்கு எல்லாரும் பேசற பிக் டென் கூட இதுக்கு எட்டு வருஷம் கழிச்சுதான் வந்துச்சு. இதோட 1955 சீசன்ல நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது, அங்க போய்ச் சேரணும்னா முதல்ல கொஞ்சம் அடித்தளம் போட்டுக்கணும்.

ஆட்டமே தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது நாம சொல்ற கால்பந்து இல்ல, பந்து முட்டை மாதிரி இருக்கும், பெரும்பாலும் கையில தூக்கிட்டு ஓடுவாங்க இல்ல வீசுவாங்க. மைதானம் 100 யார்டு நீளம், ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வெச்சிருக்கற டீமுக்கு நாலு வாய்ப்பு, அதுக்குப் பேர் டவுன், அந்த நாலுக்குள்ள 10 யார்டு முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு கிடைக்கும், இல்லன்னா பந்து எதிராளிக்குப் போயிடும். எதிராளி எல்லைய தாண்டிக் கொண்டு போனா டச்டவுன், 6 பாயிண்ட், அதுக்கு அப்புறம் கூடுதலா ஒரு பாயிண்ட் எடுக்க ஒரு முயற்சி. அந்த இடத்துல ரெண்டு பாயிண்ட் எடுக்கற வழி 1958-லதான் வந்துச்சு, நம்ம கதை நடக்கறப்ப இல்ல. தூரத்துல இருந்து பந்த உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா 3. பதினஞ்சு பதினஞ்சு நிமிஷமா நாலு குவார்ட்டர். இது போதும்.

இப்ப கான்ஃபரன்ஸ். கிரிக்கெட்லயோ சாக்கர்லயோ லீக்னா மேல ஒரு போர்டு இருக்கும், அது டீம்கள சேர்க்கும், அட்டவணை போடும், கோப்பை குடுக்கும். கான்ஃபரன்ஸ் அப்படி மேல இருந்து கீழ வந்தது இல்ல. அக்கம்பக்கத்துல இருக்கற நாலஞ்சு காலேஜ் சேர்ந்து உக்காந்து, வருஷா வருஷம் நாம ஒருத்தரோட ஒருத்தர் ஆடுவோம், ஆடறதுக்கு இன்ன இன்ன விதிய எல்லாரும் மதிப்போம்னு பேசி வெச்சுக்கற ஒப்பந்தம் அது. 19-ஆம் நூற்றாண்டு கடைசில காலேஜ் விளையாட்டுல பயங்கர தில்லுமுல்லு நடந்துச்சு, படிக்கவே படிக்காத ஆள கூலிக்குக் கூட்டிட்டு வந்து காலேஜ் சட்டைய மாட்டி இறக்கி விடறது சாதாரணம். யார் உண்மையான ஸ்டூடண்ட்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி வேணும்னு காலேஜ்காரங்க தேடினதுல இருந்துதான் கான்ஃபரன்ஸ்ங்கற ஏற்பாடே வலுவாச்சு. ஆட்டத்த விட அந்த ஒப்பந்தம்தான் அடிப்படை, இத மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

எம்ஐஏஏ தொடங்கினப்ப ஆல்பியன், ஹில்ஸ்டேல், ஆலிவெட், அப்புறம் மிச்சிகன் விவசாயக் காலேஜ், நாலு பேர். அந்த விவசாயக் காலேஜ் வளந்து பெருசாகி 1907-ல வெளிய போயிடுச்சு, அதுதான் இன்னைக்கு மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. மத்தவங்க சின்னவங்களாவே இருந்தாங்க. 1950-கள்ல ஃபுட்பால் ஆடின எம்ஐஏஏ காலேஜ்கள் ஏழு. ஆட்ரியன், ஆல்பியன், ஆல்மா, ஹில்ஸ்டேல், ஹோப், கலமசூ, ஆலிவெட். 1953-ல கால்வின்னு இன்னொரு காலேஜ் சேந்துச்சு, ஆனா அவங்க ஃபுட்பால் டீமே வெச்சுக்கல, மத்த விளையாட்டுக்கு மட்டும். இப்படியும் இருக்கலாம், கான்ஃபரன்ஸ்ங்கறது ஃபுட்பாலுக்கு மட்டும் உரியது இல்ல, பேஸ்கட்பால், ஓட்டம், டென்னிஸ் எல்லாத்துக்கும் சேத்துதான், எம்ஐஏஏ-ல எல்லா விளையாட்டையும் கூட்டிப் பாத்து ஒரு ஆல் ஸ்போர்ட்ஸ் கோப்பையும் 1930-கள்ல இருந்தே குடுத்தாங்க.

இந்த ஏழும் ஒவ்வொரு சர்ச் பிரிவு ஆரம்பிச்ச காலேஜ். ஆல்பியன் மெதடிஸ்ட், ஆல்மா பிரெஸ்பிட்டீரியன், கலமசூ பாப்டிஸ்ட், ஹில்ஸ்டேல் ஃப்ரீ வில் பாப்டிஸ்ட்னு ஒரு பிரிவு, ஹோப் வந்து டச்சுக்காரங்க குடியேறின ஹாலந்துங்கற ஊர்ல இருக்கற ரிஃபார்ம்டு சர்ச் காலேஜ். இந்த ரிஃபார்ம்டு சர்ச்னு படிச்சப்ப எனக்கு டக்குன்னு வேலூர் ஞாபகம் வந்துச்சு, ஸ்கட்டர் குடும்பத்துக்காரங்க ஆற்காடு மிஷன்னு 1853-ல ஆரம்பிச்சாங்களே, வேலூர் ராணிப்பேட்டை பக்கம் இருக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும், அவங்களோட சர்ச்சும் இதே சர்ச்தான். டீம் பேர்லயே ஊரோட வேர் தெரியும், ஹோப் டீம் பேரு ஃப்ளையிங் டச்மென், ஆல்மா ஸ்காட்ஸ், ஆல்பியன் பிரிட்டன்ஸ். ஹோப்பும் கலமசூவும் ஆடினா ஜெயிக்கறவங்களுக்கு ஒரு ஜோடி மரச்செருப்பு, டச்சுக்காரங்க போடற மாதிரி, அதுதான் கோப்பை, வருஷா வருஷம் ஜெயிச்ச காலேஜுக்குப் போகும். வெள்ளிக் கோப்பைய விட இந்த மரச்செருப்பு எனக்கு எவ்வளவோ மேல்னு தோணுது.

எல்லாமே மிச்சிகன் தெற்குப் பாதில, ஒண்ணுக்கொண்ணு கிட்ட கிட்ட. ஹில்ஸ்டேல்ல இருந்து ஆட்ரியனுக்கு பஸ்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலைல கிளம்பி மத்தியானம் ஆடிட்டு ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்துடலாம், திங்கக்கிழமை கிளாஸ் போகாது. இதுதான் சின்ன கான்ஃபரன்ஸோட உயிர்நாடி, செலவு குறைவு, படிப்பு கெடாது, எதிர் டீம்ல ஆடறவன் பக்கத்து ஊர்க்காரன், ஒருவேளை உன்னோட ஹைஸ்கூல்ல படிச்சவனாக்கூட இருப்பான்.

போருக்கு அப்புறம்னு ஏன் தனியா சொல்றோம்? ஏன்னா போர்ல இந்த சின்ன காலேஜ்கள் கிட்டத்தட்ட காலியாயிடுச்சு. 1943 வாக்குல ஆடறதுக்கு ஆம்பளப் பசங்களே இல்லாம நாடு முழுக்க பல காலேஜ் ஃபுட்பால நிறுத்தி வெச்சாங்க. அப்புறம் ஒரு சட்டம் எல்லாத்தையும் திருப்பிப் போட்டுச்சு. 1944 ஜூன் 22-ஆம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட ஜிஐ பில். போர்ல இருந்து திரும்பி வர்ற வீரனுக்கு காலேஜ் ஃபீஸ் வருஷத்துக்கு 500 டாலர் வரைக்கும் அரசாங்கம் கட்டும், அது போக மாசச் செலவுக்குப் பணம், தனியாளா இருந்தா முதல்ல 50 டாலர், கல்யாணம் ஆனவனுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அன்னைக்கு 500 டாலர்னா பெரிய காலேஜ் ஃபீஸே அடங்கிடும். 1947-ல அமெரிக்கக் காலேஜ்ல சேந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேர் முன்னாள் போர் வீரர்கள்தான், மொத்தத்துல 22 லட்சம் பேர் இந்த சட்டத்தால காலேஜ் போனாங்க.

இது ஃபுட்பால என்ன பண்ணுச்சுன்னா, பதினெட்டு வயசுப் பையன் வர வேண்டிய இடத்துக்கு இருபத்தி நாலு இருபத்தஞ்சு வயசு ஆள் வந்து நின்னான், கல்யாணம் ஆகி கைக்குழந்தையோட, தங்க இடம் இல்லாம அரசாங்கம் குடுத்த பழைய ராணுவ பேரக்ஸ் கொட்டகைல குடித்தனம். போர்க்களத்த பாத்துட்டு வந்தவன்கிட்ட போய் கோச் விசிலடிச்சு மிரட்டினா அவன் எங்க பயப்படப் போறான். அதே நேரத்துல அவனோட ஃபீஸ அரசாங்கமே கட்டுறதால காலேஜ் அவனுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்க வேண்டிய அவசியம் இல்ல, அதனால காசு இல்லாத சின்ன காலேஜுக்கும் நல்ல நல்ல ஆட்டக்காரங்க கிடைச்சாங்க. கொஞ்ச வருஷத்துக்கு பெரிய காலேஜுக்கும் சின்ன காலேஜுக்கும் நடுவுல இருந்த பள்ளம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அந்தப் படை படிச்சு முடிச்சு வெளிய போனதும் பள்ளம் முன்னவிட ஆழமாச்சு. ஃபுட்பால் ஆடறதுக்காகவே ஸ்காலர்ஷிப் குடுக்கலாமா கூடாதான்னு நாடு முழுக்க பெரிய சண்டை. என்சிஏஏ, அதாவது காலேஜ் விளையாட்டுக்கு தேசிய அளவுல இருக்கற அமைப்பு, 1948-ல சானிட்டி கோடுன்னு ஒரு விதி கொண்டு வந்து, உதவி தேவைப்படற பையனுக்கு ஃபீஸ் அளவுக்குத்தான் குடுக்கணும்னு கட்டுப்படுத்தப் பாத்துச்சு, பெரிய காலேஜ்கள் கேக்கல, 1951-ல அந்த விதியே போச்சு. 1956-ல முழு ஸ்காலர்ஷிப் குடுக்கலாம்னு கதவையே திறந்து விட்டாங்க. எம்ஐஏஏ மாதிரி சின்ன கான்ஃபரன்ஸ் அந்தக் கதவுக்குள்ள போகல. ஆட்டத் திறமைக்காக காசு கிடையாது, வீட்டு நிலைமையப் பாத்து மத்த ஸ்டூடண்ட்டுக்கு என்ன உதவியோ அதுதான் ஆட்டக்காரனுக்கும். கான்ஃபரன்ஸ்ங்கறது ஒரு ஒப்பந்தம்னு சொன்னேன்ல, அந்த ஒப்பந்தத்தோட நடு வரி இதுதான்.

டிவி வேற வந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் வீட்டுல உக்காந்து பெரிய டீம் ஆட்டத்த பாக்க முடியும்னா பக்கத்து சின்ன காலேஜுக்கு டிக்கெட் வாங்கிட்டு யார் வருவா? அந்தக் கவலைலதான் என்சிஏஏ 1950-கள் தொடக்கத்துல டிவில வாரத்துக்கு இத்தனை ஆட்டம்தான் காட்டணும்னு கட்டுப்பாடு போட்டுச்சு. மிச்சிகன்ல இது இன்னும் மோசம், ஆன் ஆர்பர்ல மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 1949-லயே 97,000 பேர் உக்காரலாம். 1947 சீசன்ல அந்த டீம் ஒரு ஆட்டம்கூட தோக்காம, புது வருஷத்தன்னைக்கு ரோஸ் பவுல்ங்கற பெரிய ஆட்டத்துல சதர்ன் கலிஃபோர்னியாவ 49-0ன்னு அடிச்சுட்டு வந்தது. அந்த மலை நிழல்லதான் நம்ம ஏழு காலேஜும் ஆடிட்டு இருந்துச்சு.

ஒரே ஒரு விதி மாற்றம் சின்னவங்களுக்குச் சாதகமா அமைஞ்சது, இத கொஞ்சம் நிதானமா சொல்லணும். பழைய காலத்துல அதே 11 பேர்தான் தாக்கியும் ஆடணும் தடுத்தும் ஆடணும். போர் நேரத்துல ஆள் பத்தலைன்னு எத்தன பேர வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்னு 1941-ல தளர்த்தினாங்க. 1945-ல மிச்சிகன் கோச் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர் இத வெச்சு ஒரு யோசனை பண்ணார், ஆர்மி, அதாவது ராணுவ அகாடமி டீம் ரொம்ப பலம், அவங்கள சமாளிக்க தாக்கறதுக்கு தனி செட், தடுக்கறதுக்கு தனி செட்னு இறக்கினார். ஆட்டம் தோத்துட்டாங்க, ஆனா அந்த யோசனை காட்டுத்தீ மாதிரி பரவிடுச்சு, அதுக்குப் பேர் டூ பிளட்டூன். பெரிய காலேஜுக்கு கொண்டாட்டம், சின்ன காலேஜுக்கு திண்டாட்டம், ரெண்டு செட்டுன்னா ரெண்டு மடங்கு ஆளு, ஹெல்மெட்டு, பஸ்ஸு, சாப்பாடு, கோச்சு. தாங்க முடியாம பல காலேஜ் ஃபுட்பாலயே மூடிட்டாங்க. கடைசில 1953-ல விதிய இறுக்கினாங்க, வெளிய வந்தவன் இஷ்டத்துக்குத் திரும்பி உள்ள போக முடியாது, அதனால மறுபடியும் ஒரே ஆள் ரெண்டு வேலையும் பாக்கணும். 1960-கள் நடுவுல திரும்பத் தளர்த்தற வரைக்கும் இதே கதைதான். ஆக 1955-ல ஒரு எம்ஐஏஏ ஆட்டக்காரன நினைச்சுப் பாருங்க, பந்தோட ஓடறதும் அவன்தான், பந்து போனதும் திரும்பி நின்னு எதிராளிய மடக்கறதும் அவன்தான், மூச்சு வாங்கறதுக்கு நேரமே கிடையாது. முப்பது பேர் கொண்ட டீம் வெச்சே ஒரு காலேஜ் மரியாதையா சீசன ஓட்ட முடிஞ்சது இந்த விதியாலதான்.

சரி, சீசன் எப்படி ஓடும்? செப்டம்பர்ல பிராக்டீஸ், மாசக் கடைசில ஆட்டம் தொடக்கம், நவம்பர் நடுவுல முடிஞ்சுடும். வாரத்துக்கு ஒண்ணு, சனிக்கிழமை, அதனால மொத்தமே எட்டோ ஒம்போதோதான். கிரிக்கெட் பாத்துப் பழகினவங்களுக்கு இது ரொம்பக் குறைவாத் தெரியும், ஆனா இந்த ஆட்டத்துல உடம்புல படற அடிக்கு வாரம் ஒண்ணே ஜாஸ்தி. ஏழு டீம், ஒவ்வொருத்தரும் மத்த ஆறு பேரோட ஒரு தடவை, ஆக ஆளுக்கு ஆறு கான்ஃபரன்ஸ் ஆட்டம், மொத்தம் இருபத்தி ஒண்ணு. ஏழு ஒத்தைப்படைங்கறதால ஒவ்வொரு வாரமும் ஒரு டீமாவது ஜோடி இல்லாம நிக்கும், அந்த டீம் அன்னைக்கு வெளியாள் யாரையாவது பிடிச்சு ஆடிக்கும், இல்லன்னா ஓய்வு. வெளியாளோட ஆடறது ரெண்டு மூணு இருக்கும், பெரும்பாலும் சீசன் தொடக்கத்துல.

இங்கதான் புதுசா பாக்கறவங்க தடுமாறுவாங்க. ஒரு டீமுக்கு ரெண்டு கணக்கு உண்டு. மொத்தக் கணக்கு ஒண்ணு, கான்ஃபரன்ஸ் கணக்கு ஒண்ணு. பட்டம் யாருக்குன்னு முடிவு பண்றது கான்ஃபரன்ஸ் கணக்கு மட்டும்தான். வெளியாள்கிட்ட மூணு தோத்துட்டு உள்ள ஆறும் ஜெயிச்சா நீதான் சாம்பியன், வெளிய எல்லாத்தையும் ஜெயிச்சுட்டு உள்ள ரெண்டு கோட்டை விட்டா கிடையாது. ஃபைனல்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அட்டவணைல மேல இருக்கறவன் சாம்பியன், ரெண்டு பேர் ஒரே கணக்குல நின்னா ரெண்டு பேருமே சாம்பியன், ரன்ரேட் மாதிரி எதையும் வெச்சு ஒருத்தரக் கழிச்சுவிட மாட்டாங்க. ஆட்டம் சமன்ல முடிஞ்சா சமன்தான், கூடுதல் நேரம்ங்கறதெல்லாம் பல பத்து வருஷம் கழிச்சு வந்தது.

அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை ஹோம்கமிங், படிச்சுட்டுப் போனவங்க எல்லாரும் திரும்பி வர்ற நாள், ஊர்வலம், பேண்டு, பழைய ஆட்டக்காரங்க ஓரத்துல நின்னு சத்தம் போடறது. ஹில்ஸ்டேல் மாதிரி ஊர்ல அது கிட்டத்தட்ட ஊர்த் திருவிழாதான், கடைக்காரங்க பாதிப்பேர் மைதானத்துலதான் இருப்பாங்க.

இந்த இடத்துல ஒண்ண யோசிச்சுப் பாருங்க. 1955-ல ஒரு சின்ன காலேஜ் டீம் எல்லா ஆட்டத்தையும் ஜெயிச்சுட்டா அடுத்து என்ன? ஒண்ணும் இல்ல. சின்ன காலேஜ்களுக்குன்னு தேசிய பிளேஆஃப் அன்னைக்கு இல்ல, என்ஏஐஏங்கற அமைப்பு ஃபுட்பால் சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சது 1956-லதான். தரவரிசையும் கிடையாது, யுபிஐங்கற செய்தி நிறுவனம் சின்ன காலேஜ்களுக்கு வாரப் பட்டியல் போட ஆரம்பிச்சது 1958-ல, ஏபிங்கற இன்னொரு செய்தி நிறுவனம் 1960-ல. தனித்தனி ஆட்டக்காரங்களுக்கு ஏபி குடுக்கற லிட்டில் ஆல் அமெரிக்கா பட்டம் 1934-ல இருந்து இருந்துச்சு, அது டீமுக்கு இல்ல. நீ மிச்சிகன்ல முதலாளு, ஆனா பென்சில்வேனியால, மிசூரில உன்ன மாதிரி தோக்காத டீம் இருக்கே, அவங்கள விட நீ மேலயா கீழயான்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு, அது பவுல் கேம்.

பவுல்னா, சீசன் எல்லாம் முடிஞ்சு கிறிஸ்துமஸ் புதுவருஷ நேரத்துல குளிர் இல்லாத ஊர்ல, ஊர்க்காரங்க ஒரு கமிட்டி போட்டு, எங்கயோ இருக்கற ரெண்டு நல்ல டீம்கள அழைச்சு ஆட வெக்கறது. யார கூப்பிடணும்ங்கறது முழுக்க அந்தக் கமிட்டி இஷ்டம். ரோஸ் பவுல், சுகர் பவுல் எல்லாம் பெரியவங்களுக்கு. சின்ன காலேஜ்களுக்கு நல்ல பேர் இருந்த ஒண்ணு ஃபுளோரிடால ஆர்லாண்டோல நடந்த டாஞ்சரின் பவுல், டாஞ்சரின்னா அந்தப் பக்கம் விளையற கமலா ஆரஞ்சு. அந்த ஊர்ல எல்க்ஸ்ங்கற சேவைச் சங்கத்துக்காரங்க 1947 ஜனவரி 1-ல முதல் ஆட்டம் நடத்தினாங்க, வட கரோலினாவோட கடாபா காலேஜ் மேரிவில்ல 31-6ன்னு ஜெயிச்சது. மிச்சிகன் பனில இருந்து ரயிலேறிப் போய் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவுல ஆடறதுன்னா அந்தப் பசங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவ கிடைக்கற பயணம்.

இப்ப ஹில்ஸ்டேலுக்கு வருவோம். 1954-ல அங்க புது கோச்சா வந்தவர் ஃப்ராங்க் வாட்டர்ஸ், போருக்கு அப்புறம் மிச்சிகன் ஸ்டேட்ல ஃபுல்பேக்கா ஆடினவர், வயசு அப்ப 31. வாட்டர்ஸ்ங்கற பேரோட மட்டின்னு ஒரு பட்டப்பேர் ஒட்டிக்கிச்சு, சேத்துப் படிச்சா கலங்கின தண்ணி. மட்டி வாட்டர்ஸ்னுதான் கடைசி வரைக்கும் எல்லாரும் கூப்பிட்டாங்க. அவர் வந்ததும் டீம் அப்படியே நிமிந்துச்சு, 1954-ல இருந்து 1957-க்குள்ள 34 ஆட்டம் தொடர்ச்சியா தோக்கவே இல்ல. அதுக்கு நடுவுல வர்றதுதான் 1955 சீசன், கான்ஃபரன்ஸ்ல ஆறுக்கு ஆறு, மொத்தத்துல ஒம்போதுக்கு ஒம்போது. எம்ஐஏஏ அட்டவணைல இதுக்கு மேல ஏறறதுக்கு இடமே இல்ல.

டாஞ்சரின் பவுல்ல இருந்து அழைப்பு வந்துச்சு, கூடவே ஒரு நிபந்தனை. ஹில்ஸ்டேல் டீம்ல கறுப்பினப் பசங்க இருந்தாங்க. அவங்க வெள்ளைக்காரப் பசங்களோட சேந்து மைதானத்துல இறங்கக் கூடாது, தென் மாநிலங்கள்ல அன்னைக்கு இருந்த இன ஒதுக்கல் வழக்கம் அது.

ஹில்ஸ்டேல் போக மாட்டோம்னு சொல்லிடுச்சு.

இவ்வளவுதான் நடந்துச்சு. ஆனா அந்த மாசம் எந்த மாசம்னு பாக்கணும். அலபாமால ரோசா பார்க்ஸ்ங்கற கறுப்பினப் பெண் பஸ்ல வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லிக் கைதானது 1955 டிசம்பர் 1. நாலு நாள் கழிச்சு மான்ட்கமரில பஸ் புறக்கணிப்பு தொடங்குச்சு. அதே வாரம் சுகர் பவுல் விவகாரம் வேற, பிட்ஸ்பர்க் டீம்ல பாபி கிரையர்னு ஒரு கறுப்பின ஆட்டக்காரர், எதிர் டீம் ஜார்ஜியா டெக், ஜார்ஜியா கவர்னர் மார்வின் கிரிஃபின் எங்க பசங்க இந்த ஆட்டத்துக்குப் போகவே கூடாதுன்னு தந்தி குடுத்தார், ஜார்ஜியா டெக் ஸ்டூடண்ட்களே கவர்னர் வீட்டு வாசலுக்கு ஊர்வலமா போய் எதிர்ப்புக் காட்டினாங்க. கடைசில 1956 ஜனவரி 2-ல கிரையர் ஆடினார், சுகர் பவுல்ல ஆடின முதல் கறுப்பினர் அவர்தான்.

இந்த ரெண்டு சம்பவத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா சின்ன காலேஜோட நிலைமை நல்லாப் புரியும். பிட்ஸ்பர்க் பெரிய டீம், அது வரலன்னா ஆட்டத்துக்கே மதிப்பு போயிடும், அதனால கிரையர் இல்லாம நாங்க இல்லன்னு அவங்க சொன்னப்ப அந்தச் சொல்லுக்கு எடை இருந்துச்சு. ஹில்ஸ்டேலுக்கு அந்த எடை இல்ல. அவங்க வரலன்னா கூப்பிடறதுக்கு வேற சின்ன காலேஜ்கள் இருந்துச்சு. பேரம் பேசி விதிய மாத்தற பலம் அவங்க கைல இல்ல, போறதா வேண்டாமாங்கறது மட்டும்தான் கைல இருந்துச்சு, அதுவும் சின்ன காலேஜுக்கு வெளியுலகத்துல இருந்த ஒரே கதவ தானே சாத்திக்கிட்டு.

ஹில்ஸ்டேல் இதைச் செஞ்சது அவங்க வரலாறு தெரிஞ்சவங்களுக்கு ஆச்சரியமா இருக்காது. 1844-ல அந்தக் காலேஜ ஆரம்பிச்ச ஃப்ரீ வில் பாப்டிஸ்ட்காரங்க அடிமை முறைய எதிர்த்தவங்க, இனம் மதம் ஆண் பெண் எதையும் பாக்காம சேத்துக்கணும்னு சாசனத்துலயே எழுதி வெச்சாங்க. உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்த 1863-ல, அடிமையாப் பிறந்து தப்பி வந்த ஃப்ரெடெரிக் டக்ளஸ் அங்க வந்து பேசியிருக்கார். இருந்தாலும் எழுதி வெச்ச சாசனம் வேற, இருபது வயசுல ஃபுளோரிடா டிக்கெட்ட கைல வெச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்றது வேற. அந்தப் பசங்க மேல எனக்கு இருக்கற மரியாதை ஒம்போதுக்கு ஒம்போது ஜெயிச்சதால வந்தது இல்ல.

1956 ஜனவரி 1 ஞாயித்துக்கிழமைங்கறதால பவுல் எல்லாம் ஜனவரி 2-க்குத் தள்ளிப் போச்சு. ஆர்லாண்டோல அன்னைக்கு பென்சில்வேனியாவோட ஜுனியாட்டாவும் மிசூரி வேலியும் ஆடி 6-6ன்னு சமன்ல முடிச்சாங்க. மிசூரி வேலியும் சாதாரண டீம் இல்ல, 1941-ல இருந்து 1948 வரைக்கும் 41 ஆட்டம் தொடர்ச்சியா ஜெயிச்ச காலேஜ் அது. அதே நாள் கலிஃபோர்னியால ரோஸ் பவுல், கடைசி 7 வினாடி இருக்கறப்ப டேவ் கைசர்ங்கற பையன் 41 யார்டுல இருந்து உதைச்சதுல மிச்சிகன் ஸ்டேட் யுசிஎல்ஏவ 17-14ன்னு ஜெயிச்சது. 1888-ல ஹில்ஸ்டேலோட ஒரே மேஜைல உக்காந்து எம்ஐஏஏ-வ ஆரம்பிச்ச அதே விவசாயக் காலேஜ்தான் அது, மட்டி வாட்டர்ஸ் ஆடின டீமும் அதுதான், அந்த டீம்லயும் கறுப்பினப் பசங்க ஆடினாங்க, ஆனா கலிஃபோர்னியால அவங்கள யாரும் தடுக்கல. ஒரே மாநிலம், ஒரே வேர்ல இருந்து வந்த ரெண்டு காலேஜ், ஒண்ணு ஊரே பாக்க ரோஸ் பவுல்ல, இன்னொண்ணு பனி கொட்டற ஹில்ஸ்டேல்ல வீட்டுல.

அடுத்து வந்ததையும் சொல்லிடறேன். 1957-ல ஹில்ஸ்டேல் என்ஏஐஏ சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கே போச்சு, ஃபுளோரிடா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஹாலிடே பவுல்னு நடந்துச்சு, கான்சாஸோட பிட்ஸ்பர்க் ஸ்டேட்கிட்ட 27-26ன்னு ஒரே பாயிண்ட்ல தோத்தாங்க. டாஞ்சரின் பவுல் விவகாரம் அதோட தீரல, 1958-ல பஃபலோ யுனிவர்சிட்டிக்கு அழைப்பு வந்தப்ப வில்லி எவன்ஸ், மைக் வில்சன்னு ரெண்டு கறுப்பினப் பசங்கள இறக்கக் கூடாதுன்னு மறுபடி அதே பேச்சு, ஆட்டக்காரங்க எல்லாரும் கூடி ஒரே குரல்ல போக வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. பஃபலோவுக்கு அடுத்த பவுல் ஆட்டம் கிடைக்க ஐம்பது வருஷம் ஆச்சு, 2009 ஜனவரில டொரான்டோல ஆடினாங்க, 1958 டீம்ல உயிரோட இருந்தவங்களையும் அன்னைக்கு அழைச்சிருந்தாங்க.

ஹில்ஸ்டேல் 1960 வாக்குல எம்ஐஏஏ-வ விட்டு வெளிய போயிடுச்சு. மட்டி வாட்டர்ஸ் 1973 வரைக்கும் அங்கயே கோச்சா இருந்து, 1980-ல இருந்து மூணு சீசன் மிச்சிகன் ஸ்டேட்டுக்கே கோச்சானார், ஹில்ஸ்டேல் ஸ்டேடியத்துக்கு இன்னைக்கு அவர் பேர்தான். 1973-ல என்சிஏஏ காலேஜ்கள மூணு டிவிஷனா பிரிச்சப்ப எம்ஐஏஏ ஆட்ட ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூணாவது டிவிஷனுக்குப் போச்சு, இன்னைக்கும் அங்கதான், அதே ஒப்பந்தத்தோட. ஆல்பியன், ஆல்மா, ஆட்ரியன், ஆலிவெட் எல்லாம் இன்னும் உள்ளதான். ஹோப்பும் கலமசூவும் அந்த மரச்செருப்புக்கு ஆடறதையும் நிறுத்தல.